இடது கைப்பிடி சிஸ்டருடையது

சிஸ்டரின் மகள் அமுதா விடியற்காலையில் போன் செய்தாள். "பேச்சி சித்தி, அம்மா எந்திரிக்கல" என்றாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று அவள் கணவர் போனை வாங்கிச் சொன்னார்.

நான் உடனே செல்லூரில் இருக்கும் சிஸ்டர் வீட்டுக்குப் போகவில்லை. பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, அவனியாபுரத்தில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் செல்வத்தின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எங்கள் கழிப்பறை டிரெய்லர் அங்கேதான் நிற்கும். சாவு வீட்டுக்கு முதலில் டிரெய்லர் போக வேண்டும், பிறகுதான் நாம் அழ வேண்டும் என்பது சிஸ்டர் போட்ட சட்டம். துக்கம் கேட்க வெளியூரிலிருந்து வரும் பெண்கள் கூச்சத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நிற்கக் கூடாது என்பார். மதுரையைச் சுற்றி எத்தனையோ துக்க வீடுகளுக்கு நாங்கள் இருவரும் வாடகை வாங்காமல் அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம். இப்போது அவர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.

டிரெய்லரைப் பிக்கப்போடு இணைக்கும் பூட்டு, பட்டறை மூலையில் சாக்கின் மேல் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. வலது கைப்பிடி என்னுடையது. இடது கைப்பிடி சிஸ்டருடையது. வெயிலில் இரும்பு சுடுகிறது என்று அதற்கு அவரே மருத்துவமனைப் பாணியில் துணிக்கட்டுப் போட்டு, மேலே பிளாஸ்திரியும் ஒட்டியிருந்தார். நான் என் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் யாருமில்லை. அப்போதுதான் அவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது.

செல்வம் ஓடி வந்தான். "தள்ளுங்கக்கா, நான் தூக்கிப் போடுறேன்."

"தொடாத" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஏன் கத்தினேன் என்பது தனபாக்கியம் சிஸ்டரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அவரை அரைகுறையாக அறிந்தவர்களும் இந்த நினைவுக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். வீட்டுக்காரர் போன பிறகு கடையும் பிக்கப்பும் என் தலையில் விழுந்தன. டிரைவர் வைத்துக் கட்டுபடியாகாததால் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். அமுதாவின் கல்யாணத்துக்குச் சேர் பேசத்தான் சிஸ்டர் முதன்முதலாக என் கடைக்கு வந்தார். அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் காலமெல்லாம் நர்ஸாக வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். சேர் பேசினார், அண்டா பேசினார், கடைசியில் கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டு, "பொம்பளைகளுக்குக் கக்கூஸ் எங்க வச்சிருக்க?" என்றார்.

"இது சேர்க் கடைம்மா."

"தெரியுது. உக்கார சேர் குடுக்குற, சாப்பிட மேசை குடுக்குற, குடிக்க டம்ளரும் குடுக்குற. குடிச்சதை எங்க விடுறதாம்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காலங்காத்தாலே வியாபாரம் பேச வந்த இடத்தில் இப்படியா ஒருத்தி பேசுவாள்? போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கல்யாணத்தன்று மண்டபத்தில் சேர்களை இறக்கிக்கொண்டிருந்தபோது கவனித்தேன். நகையும் பட்டுமாக வந்திருந்த பெண்கள், மோர்த் தட்டு வந்தால் கையை அசைத்து வேண்டாம் என்றார்கள். ஆண்கள் மடக்மடக்கென்று குடித்தார்கள். இருபது வருஷமாகச் சேர் போடுகிறவள், அன்றுதான் அதைப் பார்த்தேன். மறுநாள் கணக்கு முடிக்க வந்த சிஸ்டரிடம் சொன்னேன்.

"திருவிழா முடிஞ்ச மறுவாரம் எங்க வார்டு நெறஞ்சு போகும் பேச்சி" என்றார். "நீர்க்கடுப்பு, காய்ச்சல், முதுகு வலி. டாக்டர் கிருமினு எழுதுவாரு. எனக்குத் தெரியும், ஒதுங்க எடமில்ல, அதனால தண்ணி குடிக்கல. அம்புட்டுத்தான்."

அன்று ஆரம்பித்ததுதான். எங்கள் மகளிர் குழுவே சேர்ந்து ஒரு கழிப்பறை டிரெய்லரை வாங்கியது. நாலு அறை, கை கழுவும் தொட்டி, முன்பக்கம் தண்ணீர் டேங்க், அடியில் கழிவு டேங்க். அதை இழுக்க என் பிக்கப் இருக்கிறதே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அங்கேதான் சிக்கல் வந்தது.

பிக்கப்பின் வாலில் கொக்கி வைத்து மாட்டிப் பார்த்தோம். தண்ணீர் டேங்க் நிறைந்ததும் டிரெய்லரின் கனம் முழுவதும் வால் மேல் இறங்கி, பிக்கப் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. விமான நிலையச் சாலையில் ஒரு வளைவில் வண்டி என்னை ஓட்டியது. பெரிய லாரிகளில் இருப்பதுபோல் பூட்டை வாலில் வைக்காமல், பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே, சரக்கு ஏற்றும் பாடிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று செல்வம் சொன்னான். லாரிக்காரர்கள் அதை பிஃப்த் வீல் என்பார்கள். நாங்கள் பூட்டு என்றே சொல்லி வந்தோம். தட்டுப் போல ஒன்று. டிரெய்லரின் மூக்கிலிருந்து இறங்கும் தடித்த முளை அதன் வாய்க்குள் நுழைந்ததும் தாடை மூடிக் கவ்விக்கொள்ளும்.

லாரி உடைக்கிற இடத்திலிருந்து செல்வம் ஒரு பழைய பூட்டைக் கொண்டுவந்து போட்டான். தரையே அதிர்ந்தது. சிஸ்டர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலை மடக்கி, நோயாளியைத் தூக்குகிற மாதிரி முயன்று பார்த்தார். அது அசையவில்லை.

"இதை ஏத்தி எறக்க நாலு ஆம்பள வேணும்" என்றார். "நாலு பேரு வேணும்னா அவுக வர்ற நேரந்தான் நம்ம நேரம். அவுக வரலைன்னா நம்ம வண்டி ஓடாது. இதுக்கா இம்புட்டுப் பாடு? எடுத்துட்டுப் போ செல்வம்."

அன்று அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பூட்டை இரண்டு பெண்கள், சேலை கட்டியபடியே, இடுப்புப் பிடிக்காமல் தூக்கி மாட்டவும் கழற்றவும் முடிய வேண்டும். எந்த ஊரிலும் எந்த நேரத்திலும் ஒரு ஆண் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது. டீ கொண்டுவந்த செல்வத்தின் மனைவி மகேசு அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஆகுற காரியமா பேசுங்க சிஸ்டர். நானெல்லாம் அந்தக் கிரீஸைத் தொடக்கூட மாட்டேம்ப்பா" என்று தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"கழட்டவே வேணாமே, பாடியிலயே வெல்டு வச்சிருவோம்" என்றான் செல்வம். இந்த முறை குதித்தது நான். அந்தப் பாடிதான் என் பிழைப்பு. முகூர்த்த நாளில் டிரெய்லரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நான் சேரும் பாத்திரமும் ஏற்ற வேண்டும். நடுவில் இரும்புப் பூதம் உட்கார்ந்திருந்தால் எதை ஏற்றுவது? "ஒங்க டிரெய்லருக்கு ஒங்க வண்டியை வாங்கிக்கங்க" என்று சிஸ்டரிடம் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். சில நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவரே கடைக்கு வந்து, என் முன்னால் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்து, "நீ சொன்னதும் சரிதான். தூக்கவும் லேசா இருக்கணும், கழட்டுனா தடமே தெரியாம பாடி காலியாவும் இருக்கணும். ரெண்டும் இல்லாம நான் விடப்போறதில்ல" என்றார். சமாதானம் பேச வந்தவர் மாதிரியே இல்லை, உத்தரவு போட வந்தவர் மாதிரி இருந்தது.

அடுத்து செல்வம் மெல்லிய குழாய்களை வைத்து ஒன்று செய்தான். பார்க்க அழகாக இருந்தது. நான் ஒருத்தியே தூக்கினேன். எனக்கு வாயெல்லாம் பல். சிஸ்டர் மட்டும், "டேங்கை நெப்பிட்டு மாட்டிப் பாரு" என்றார். நிரப்பி மாட்டி, பட்டறை வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கினோம். இறங்கிப் பார்த்தால் பூட்டின் ஒரு கால் வளைந்து நின்றது. செல்வம் தலையைச் சொறிந்தான். "லேசா வேணும்னீங்களேக்கா."

"நோயாளி வெயிட்டைக் கொறைக்கணும்னா எலும்பையா எடுப்ப?" என்றார் சிஸ்டர். எனக்குச் சிரிப்பு வந்தது, செல்வத்துக்கு வரவில்லை.

வழி அவருடைய பழைய வேலையிலிருந்துதான் வந்தது. வார்டு மாறும்போது ஆபரேஷன் மேசையை எப்படி மாடிக்கு ஏற்றினார்கள் என்று ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். லிப்ட் ஓடவில்லையாம். மேல்பலகையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் கழற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு நர்ஸ்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். செல்வமும் தம்ளரைக் கீழே வைத்தான். இருவரும் ஒரே நேரத்தில் மூலையில் கிடந்த பூட்டைப் பார்த்தார்கள்.

பூட்டை லேசாக்க இரும்பைக் குறைக்க வேண்டியதில்லை, இரண்டாக்கினால் போதும். நல்ல இரும்பில் அடிச்சட்டம் தனி, கவ்வுகிற தலை தனி. ஒவ்வொன்றுக்கும் இருபுறம் கைப்பிடி. பாடியின் தரைக்கு அடியில் வண்டிச் சட்டத்தோடு இணைத்த தண்டவாளம். மேலே நாலு துளைகள் மட்டும் தெரியும். சட்டத்தை இறக்கி நாலு இரும்பு ஊசிகளைச் செருகினால் ஏறிவிட்டது, உருவினால் இறங்கிவிட்டது. துளைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால் என் சேர்களுக்குப் பாடி சமதளம். டேங்கை நிரப்பி, வேகத்தடையில் ஏற்றி, திருமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் வளையவில்லை. பின்பக்கம் அமுங்கவில்லை. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. சிஸ்டர் என் பக்கத்து சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தார். வண்டி நகர்ந்தால் அவர் தூங்கிவிடுவார், அது அவர் வழக்கம். அன்று அதை நான் எங்கள் பூட்டுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

வண்டியைச் சோதித்துப் பதிவு செய்ய வந்த ஆய்வாளர், "கழட்டிக் காட்டச் சொல்லுங்க, ஆளுங்க எங்க?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நாங்கள் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். மனுஷர் அதை மறுபடி மாட்டிக் காட்டச் சொன்னார். சந்தேகம் ஒன்றுமில்லை, இன்னொரு முறை பார்க்க ஆசை.

முதல் பயணத்துக்கு முன்னால் பூஜை போட்டோம். அங்கே ஒரு காரியம் நடந்தது. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆன பிறகு, எவளோ ஒரு புண்ணியவதி பூட்டுக்கு ஒரு முழுச் சம்பங்கி மாலையைச் சாத்திவிட்டாள். அந்த எவளோ நான்தான். இத்தனை பாடுபடுத்திய பூட்டு, அதற்கு மாலை போடாமல் வேறு எதற்குப் போடுவது? பிக்கப்பைப் பின்னால் எடுத்தேன். முளை உள்ளே போனது. 'டக்' என்று சத்தம் கேட்டது. தேங்காய் உடைத்தாகிவிட்டது, நல்ல நேரம் போகிறது, டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். சிஸ்டர் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காலைத் தூக்காத. மெதுவா முன்னால இழு."

"பூட்டியாச்சு சிஸ்டர்."

"பூட்டுனா போதாது பேச்சி. இழுத்துப் பாரு. ஆபரேஷன்ல வயித்துக்குள்ள வச்ச துணியெல்லாம் வெளிய வந்துருச்சான்னு பாக்காம நாங்க தையல் போட விட்டதில்ல."

முணுமுணுத்துக்கொண்டே கிளட்சை விட்டேன். பிக்கப் மட்டும் நகர்ந்து முன்னால் வந்தது. டிரெய்லர் தன் கால்களில் நின்ற இடத்திலேயே நின்றது. என் மாலையின் வாழைநார் தாடைக்குள் சுருண்டு மாட்டி, பூட்டு முழுதாக மூடவே இல்லை. கால்களைத் தூக்கிவிட்டு இழுத்திருந்தால் தண்ணீரும் அறைகளுமாக அவ்வளவு கனமும் பாடி மேல் இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் நடுரோட்டில் கழன்றிருக்கும். சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்து நாரைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். "மாலை வண்டி மூஞ்சிக்கு. பூட்டுக்குக் கிரீஸ் மட்டும்" என்றார். அன்றிலிருந்து அதுதான் முறை.

முதல் ஊர் எழுமலைப் பக்கம். மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட, சென்னை, திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். பொட்டல் வெளி நிறையக் கூட்டம் இருக்கும், ஒதுங்க மறைவு இருக்காது. கோயில் கமிட்டித் தலைவர் காசிமாயன் அண்ணனிடம் போய்ப் பேசியபோது அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "சாமி எல்லைக்குள்ள கக்கூஸ் வண்டியா? ஆகாது தாயி. வேணும்னா ஓடைக்கு அங்கிட்டு நிறுத்திக்கங்க." ஓடைக்கு அந்தப் பக்கம் விளக்கில்லை, பெண்கள் நடந்து போகப் பாதையும் இல்லை. நான் முறைத்தேன். சிஸ்டர், "சரிண்ணே" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, "மொதல்ல ஊருக்குள்ள வண்டி போகட்டும். அப்புறம் பாப்போம்" என்றார்.

அந்த நுழைவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சாமியின் பூஜைப் பொருள்கள் இருக்கும் சாமிப் பெட்டி வண்டியில் வருவதற்காக உறுமியும் தவிலும் கோயில் வாசலில் காத்துக் கிடந்தன. மண் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மாலை போட்டு, சந்தனப் பொட்டோடு, நீளமாக எங்கள் வண்டி வந்ததும் மேளக்காரர்கள் சாமிப் பெட்டிதான் வந்துவிட்டது என்று அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். காசிமாயன் அண்ணன், "ஏய், நிறுத்துங்கப்பா, நிறுத்துங்கப்பா" என்று ஓடி வந்தது அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்த சிஸ்டர் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பிறகு, சொன்னபடி ஓடையைத் தாண்டித்தான் நிறுத்தினோம். சாயங்காலம் வெயில் இறங்கும் நேரத்தில் காசிமாயன் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து எங்களைத் தேடி வந்தார். அன்னதானச் சாப்பாடு ஊருக்குள் சமைத்துத் தயாராக இருக்கிறது, கொண்டுவர வேண்டிய டிராக்டர் அச்சு முறிந்து ஓடை மணலில் உட்கார்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் ஜனம் இலைக்குக் காத்திருக்கிறது.

"தாயி, ஒங்க வண்டிதான் இப்ப கதி" என்றார். பிறகு பாடிக்குள் எட்டிப் பார்த்து, நடுவில் நிமிர்ந்து நின்ற பூட்டைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது. "அட, இதுல எங்கிட்டு அண்டா வைக்கிறது?"

"வைக்கலாம்ண்ணே" என்றார் சிஸ்டர். "ஆனா எனக்கு ஒண்ணு வேணும். கோயில் வேப்ப மரத்தடியில, டியூப் லைட் வெளிச்சத்துல, எங்க டிரெய்லர் நிக்கணும்."

அவர் கோயிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சாமி..." என்று இழுத்தார். அப்போது ஓடைக்குள்ளிருந்து சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தடுமாறி ஏறி வந்த ஒரு பெண்மணி நின்று, மூச்சு வாங்கியபடி சொன்னார்: "வேப்ப மரத்தடிக்கே வரட்டும்ங்கிறேன். இருட்டுனதுக்கு அப்புறம் இந்த ஓடையை எவ தாண்டுவா? சாமி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க." அவர் பூசாரியின் மனைவி. காசிமாயன் அண்ணன் வேப்ப மரத்தடியைக் கை காட்டினார்.

வேப்ப மரத்தடியில் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினோம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்கால்களை இறக்கி, பூட்டைத் திறந்து பிக்கப்பை வெளியே எடுத்தேன். நாங்கள் பாடி மேல் ஏறுவதைப் பார்த்ததும் இளவட்டங்கள் சட்டையை மடித்துவிட்டு வந்துவிட்டார்கள். "எறங்குங்க அத்தை, நாங்க தூக்குறோம்."

"வேணாம் மாப்ள. நீங்க வேடிக்கை பாருங்க" என்றார் சிஸ்டர்.

இடது கைப்பிடியில் அவர், வலது கைப்பிடியில் நான். தலையை இறக்கினோம். ஊசிகளை உருவினோம். சட்டத்தை இறக்கினோம். ரப்பர் மூடிகளை அழுத்தினோம். பாடி கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடந்தது. இளவட்டங்கள் விசில் அடித்தார்கள், பின்னாலிருந்த பெண்கள் இந்த முறை தெரிந்தே குலவை போட்டார்கள். சோற்று அண்டாவும் சாம்பார் அண்டாவும் இலை போடும் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. காசிமாயன் அண்ணன் மைக்கில், "வேப்ப மரத்தடியில் மகளிருக்கான வண்டி நிற்கிறது, தாய்மார்கள் கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ளவும்" என்று அவர் வாயாலேயே அறிவித்தார்.

டிரெய்லர் முன்னால் வரிசை நீண்டது. நான் அதைப் பார்த்துப் பூரித்து நின்றபோது சிஸ்டரைக் காணவில்லை. தண்ணீர்ப் பந்தலில், இடுப்புயரப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வரிசையைப் பாக்காத பேச்சி. பானையைப் பாரு" என்றார். "கொறையுது."

மத்தியானம் தளும்பி நின்ற பானையில் அடித் தண்ணீர்தான் இருந்தது. பெண்கள் வந்து, செம்பில் மொண்டு, அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டுச் சேலைக்காரிகள், கைப்பிள்ளைக்காரிகள், வயதானவர்கள், எல்லோரும். சிஸ்டர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புழுதி என்று அவர் பொய் சொல்லவில்லை. "சந்தோசமா இருக்குடி" என்றார். என்னை அவர் 'டி' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

மறு வருஷம் அந்த ஊர்த் திருவிழா நோட்டீஸில் நாதஸ்வரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில் எங்கள் மகளிர் வண்டியையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். சிஸ்டர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டினார். அடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. ஜெயித்தால் ஜெயித்தேன் என்று சொல்லுவார்.

இப்போது அந்த விடியற்காலைக்கு வருகிறேன். நான் கத்தியதில் செல்வம் இரண்டடி பின்னால் போய் நின்றுவிட்டான். நான் வலது கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தேன். டிரெய்லர் இல்லாமல் அவர் வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பேன்? ஆண் கை பட்டுப் பூட்டிய வண்டியோடுதான் எப்படிப் போவேன்? பட்டறையை ஒட்டிய அவன் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகேசு வந்தாள். தலை வாராமல், சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே வந்து, என் எதிரில் குனிந்து, துணிக்கட்டுப் போட்ட கைப்பிடியைப் பிடித்தாள்.

"கிரீஸு" என்றேன்.

"இருக்கட்டும். முழங்காலை மடக்கணும்ல? பாத்திருக்கேன்" என்றாள்.

தூக்கினோம். சட்டத்தை ஏற்றி, ஊசிகளைச் செருகி, தலையை வைத்தோம். பிக்கப்பைப் பின்னால் எடுத்தேன். 'டக்' என்றது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் மகேசு கையைக் காட்டி நிறுத்தினாள். "இழுத்துப் பாருங்கக்கா." இழுத்தேன். பூட்டு விடவில்லை, பிக்கப் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பிறகுதான் அழுதேன், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, தேவைப்பட்ட மட்டும்.

வைகைப் பாலத்தைத் தாண்டிச் செல்லூருக்குப் போனோம். அவர் வீட்டுச் சந்துக்குள் டிரெய்லர் நுழையாது என்பதால் தெருமுனையில் நிறுத்தி, நானும் மகேசும் பூட்டை இறக்கினோம். பாடி காலியானதும் கடைக்குத் திரும்பிச் சேர்களை ஏற்றி வந்தேன். எழுமலைப் பக்கமிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்திறங்கினார்கள். பூசாரியின் மனைவியும் வந்திருந்தார். காசிமாயன் அண்ணன் பெரிய மாலைகள் இரண்டு வாங்கி வந்திருந்தார். ஒன்றை சிஸ்டருக்குப் போட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து, தரையிலிருந்த பூட்டின் மேல் சாத்தக் குனிந்தார்.

"அதுக்கு வேணாம்ண்ணே, வண்டி மூஞ்சிக்குப் போடுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டி மூஞ்சிக்கே போட்டார்.

சிஸ்டருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, பூட்டியதை இழுத்துப் பார்க்காமல் நகராத கால். இன்னொன்று, அந்த இடது கைப்பிடி. அதிலிருந்த துணிக்கட்டை நினைவாக அப்படியே விட்டுவிடுங்கள் என்று பலர் சொன்னார்கள். அழுக்கான கட்டை மாற்றாமல் வைத்திருந்தால் அவர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். புதுத் துணி சுற்றி, அவர் ஒட்டுகிற மாதிரியே மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். வருகிற மாசிக்கு அதைப் பிடிக்க நான் நீ என்று எங்கள் குழுவில் போட்டியே நடக்கிறது. மகேசு யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை.

அன்று பத்து மணிக்கு வெயில் ஏறியபோது அமுதா அழுத முகத்தோடு வாசலுக்கு வந்து என் தோளைத் தொட்டாள். வந்தவர்கள் குடிக்க நான் வைத்திருந்த பெரிய பானையைக் காட்டினாள்.

"சித்தி, தண்ணி தீந்துருச்சு" என்றாள்.

நான் உள்ளே, சிஸ்டர் படுத்திருந்த பக்கம் திரும்பி, "கேட்டுச்சா சிஸ்டர்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, பானையை நிரப்பக் குடத்தை எடுத்தேன்.